தரைக்குப் போட்ட கல்கல்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு முடிந்ததும் யாரும் எழுந்து போய்விட முடியாது. எச்சில் கை காய்ந்தாலும் உட்கார்ந்திருக்க வேண்டும். குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளை எழுந்து நின்று மருமகள் கதைகளைச் சொல்வார். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த ஒவ்வொருத்திக்கும் ஒரு கதை உண்டு. தன் முதல் கிறிஸ்துமஸில் அவள் என்ன கோமாளித்தனம் செய்தாளோ அதுதான் அவள் கதை. அப்புறம் அவள் பிள்ளை பெற்று வளர்க்கலாம், வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கலாம், வீட்டுக் கடனை அடைக்கலாம். கதை மட்டும் மாறாது. என் மாமியார் செத்தே பல வருஷம் ஆகிறது, அவர் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் என் கணவர் நார்மனின் தாத்தா. தூத்துக்குடியிலிருந்து மராட்டிச் சீமையில் இருக்கிற கட்கிக்கு, ராணுவக் கணக்கு ஆபீஸ் வேலைக்கு வந்தவர். பண்டிகைக்குப் போய்ப் பார்க்கச் சொந்தக்காரர்கள் யாரும் இந்த ஊரில் இல்லை, பொழுது போகவில்லை, அதனால் வீட்டில் இருந்த ஒரே மருமகளை வைத்துச் சிரிக்க ஆரம்பித்திருக்கிறார். அவருக்குப் பின் அவர் மகன், அந்த மகனுக்குப் பின் என் கணவரின் அண்ணன் ஸ்டீபன். மூன்று தலைமுறை.

மாமியார் கதை இது. கிறிஸ்து பிறப்புக் குடில் கட்டினால் பாலன் சுரூபத்தை இருபத்துநாலாம் தேதி ராத்திரிதான் உள்ளே வைக்க வேண்டும். புதுப்பெண்ணாக வந்த மாமியார் நாலு நாள் முந்தியே எடுத்து வைத்துவிட்டாராம். "எங்கம்மா வந்த வருஷம் மாதாவுக்குக் குறைப்பிரசவம்!" என்று ஸ்டீபன் அத்தான் சொல்ல வேண்டும், எல்லோரும் சிரிக்க வேண்டும். அடுத்தது ஸ்டீபன் அத்தானின் மனைவி லூர்து அக்காவின் கதை. காகித நட்சத்திரத்துக்குள் அளவுக்கு மீறிய பெரிய பல்பை மாட்டி, நட்சத்திரம் தீப்பிடித்து, அத்தான் ஒரு வாளித் தண்ணீரை அக்காவின் தலையோடு சேர்த்து ஊற்றிய கதை. அக்காவே இதற்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். கடைசியாக வருவது என் கதை, பண்டிகைக்கு எண்ணெயில் பொரிக்கிற கல்கல் பலகாரக் கதை. நான்தான் உச்சகட்டம்.

அத்தான் அதைச் சொல்கிற விதமே தனி. தோளில் கிடக்கிற துண்டை எடுத்து முந்தானை மாதிரி போர்த்திக்கொள்வார். காலித் தட்டு ஒன்றைக் கையில் ஏந்தி, இடுப்பை ஒடித்து ஒடித்து நடப்பார். "பிலோமி வாரா. கல்கல் தட்ட எடுத்துக்கிட்டு வாரா. ஊரே சேந்து முள்கரண்டில உருட்டி உருட்டி வச்ச கல்கல். ரெண்டு கிலோ மைதா, ஒரு டஜன் முட்டை, நாலு தேங்காப் பால். எண்ணெய் காஞ்சு கிடக்கு. எங்கம்மா கரண்டியோட நிக்கா. பிலோமி வாரா, வாரா... தொம்!" தட்டைத் தரையில் போடுவார். அவரும் தொப்பென்று உட்கார்வார். உட்கார்ந்தபடியே கோழி தீனி கொத்துவதுபோல ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். "எந்திரிக்கவே மாட்டேங்கா! பொறுக்குதா, பொறுக்குதா! அந்த வருஷம் எங்க வீட்டுத் தரதான் மொத கல்கல் தின்னுச்சு!" அதோடு கதை முடியும். மேசை அதிரும். நான் எழுந்துபோய்ப் பாயசம் கொண்டுவருவேன்.

நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், புதிர் போட எனக்குப் பொறுமை கிடையாது. அன்றைக்கு எனக்கு மூன்றாம் மாதம். காலையிலிருந்தே அடிவயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு நாலு அடி வைத்தபோது உள்ளே ஏதோ அறுந்தது. அதில்தான் தட்டு விழுந்தது, அதில்தான் உட்கார்ந்தேன். புடவை நனைந்துவிட்டது தெரிந்ததால் எழுந்திருக்கவில்லை. அத்தான் முன்னால், பக்கத்து வீட்டு ஆட்கள் முன்னால் எழுந்து நிற்க முடியாமல், கைக்கு எட்டிய கல்கலைப் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். அது கோழி கொத்துவது போலத்தான் இருந்திருக்கும்.

பிள்ளை உண்டானது என் கணவருக்கும் மாமியாருக்கும் மட்டும்தான் தெரியும். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது மாமியார் என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "இருக்குன்னே யாருக்கும் சொல்லல்ல, இப்ப இல்லன்னு எதுக்குச் சொல்லணும்? நல்ல நாள் வருது. காய்ச்சல்னு சொல்லிக்கோ." காய்ச்சல் என்றே சொல்லப்பட்டது. பிள்ளையும் போய், அது இருந்த சேதியும் போய், தட்டு விழுந்தது மட்டும் வீட்டில் மிஞ்சியது.

ஸ்டீபன் அத்தானை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியாது. என் ஆத்திரமெல்லாம் தெரிந்த ஆள்மீதுதான். நார்மன் ஒவ்வொரு வருஷமும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தட்டைப் போடும்போது பல் தெரியச் சிரித்தார். வருஷா வருஷம் அன்றைக்கு எங்களுக்குள் சண்டை நடக்கும். "அவனுக்குத் தெரியாதுல்லா பிலோமி. தெரியாமச் சொல்லுதான். நான் எப்படி நிறுத்த?" என்பார். "தெரியப்படுத்துங்க" என்பேன். "அம்மா இருக்கும்போது வேண்டாம்" என்றார். அம்மா போனார். "இப்பதான் ஜெரோஷ் இருக்கானே, இன்னும் எதுக்கு அத?" என்றார். ஜெரோஷ் எங்கள் மகன். ஒரு பிள்ளை இருந்தால் இன்னொன்று செத்தது சரியாகிவிடும் என்று இந்த மனுஷனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

இந்த வருஷம் மார்ச் மாதம் ஸ்டீபன் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். சிஞ்ச்வட் வீட்டில் காலை டீ குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைக்கவில்லை. நான் நிஜமாகவே அழுதேன். நான் புதிதாக வந்தபோது காய்கறி மண்டியில் ஹிந்தியில் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஜெரோஷ் பிறந்தபோது போசரியில் கம்பெனி வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவர். அத்தனை அழுகைக்கும் அடியில் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. கதை முடிந்தது, இனி யாரும் தட்டைத் தரையில் போடப் போவதில்லை. வெட்கமாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை.

டிசம்பர் தொடக்கத்தில் பால்கனியில் நட்சத்திரம் கட்டும்போது நார்மனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவர் ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தார். நான் வயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வருஷம் மருமக கதை கிடையாது, என்ன?"

"சொல்லுத ஆளே போய்ட்டான். யாரு சொல்லப் போறா?"

"இனி நீங்கதான் மூத்தவரு. உங்களச் சொல்லச் சொல்லுவாங்க."

"நான் எதுக்குட்டி அதச் சொல்லுதேன்? எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா?"

"சத்தியமா. வயர விடாத, ஆடுது."

எனக்கு அது அவ்வளவு முக்கியமாக இருந்ததற்குக் காரணம் அம்ருதா. ஜெரோஷ் போன மே மாதம்தான், துக்க வருஷமென்று ஆடம்பரமில்லாமல், அவளைக் கட்டினான். மராட்டிப் பெண், அவனோடு வேலை பார்க்கிறவள். இது அவளுக்கு இந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸ். தவிரவும் அவளுக்கு இப்போது மூன்றாம் மாதம். இரண்டாம் மாதமே வாட்ஸப் குரூப்பில் ஒரு குட்டிச் செருப்பு படம் போட்டு ஊருக்கே சொல்லிவிட்டாள். லூர்து அக்கா எனக்குப் போன் போட்டுப் பதறினாள். எனக்கு அது மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. இவளுக்கு என்ன நேர்ந்தாலும் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. அந்தப் பெண் வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்க, என் கதை அவள் முன்னால் சிரிப்பாகக் கூடாது. அந்தக் கதையைக் கேட்டு அவளும் சிரிக்கக் கூடாது. நான் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

பண்டிகை அன்று எல்லோரும் எங்கள் ஔந்த் ஃப்ளாட்டில் கூடினோம். பூசை முடிந்து கோயிலிலிருந்தே லூர்து அக்காவும் அவள் மகள் அலினாவும் ஸ்கூட்டியில் வந்துவிட்டார்கள். துக்கம் நடந்த வருஷம் என்பதால் பலகாரம் வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அவ்வோளுக்குக் கல்கல் இல்லன்னா கிறிஸ்துமஸே இல்ல" என்று அத்தானை நினைத்து அக்கா தானே ஒரு டப்பா நிறையச் செய்து கொண்டுவந்திருந்தாள். அத்தானின் போட்டோவை ஷோகேஸிலிருந்து எடுத்து மேசையின் தலைப்பக்கத்தில் வைத்தோம். அவர் எப்போதும் உட்காரும் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. சாப்பிடும்போது பேச்சு சுரத்தில்லாமல்தான் இருந்தது. அம்ருதா மட்டும் தட்டைப் பார்த்து, "மம்மி, பிரியாணி ஏக்தம் மஸ்த்" என்று மெச்சினாள். அவள் மட்டன் சாப்பிடுகிறாளே என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சாப்பிட்டு முடிந்தது. நான் தட்டுகளை அடுக்க எழுந்தேன். இந்த வருஷம் எழலாம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அலினா, "சித்தி, உக்காருங்க" என்றாள்.

அவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து நிறுத்திவைத்தாள். "சித்தப்பா, அப்பா ஸ்டோரி சொல்றத நாம ஒரு தடவ கூட ரெக்கார்ட் பண்ணல. ஒரு தடவ கூட. அடுத்த வருஷம் பண்ணலாம், அடுத்த வருஷம் பண்ணலாம்னு..." அதற்கு மேல் முடியாமல் மூக்கைத் துடைத்தாள். "நீங்க சொல்லுங்க. அப்பா மாதிரியே. எனக்கு வேணும்."

நார்மன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நல்லவேளை, என்னைப் பார்க்கவாவது செய்தாரே என்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது.

"இந்த வருஷம் வேண்டாம் அலினா. மனசு சரியில்ல" என்றார்.

அப்போது லூர்து அக்கா எழுந்தாள். பையைத் திறந்து துண்டு ஒன்றை எடுத்தாள். அத்தானின் துண்டு. துவைத்து மடித்து எடுத்து வந்திருக்கிறாள். அதை நார்மன் தோளில் போட்டு, "தம்பி, அவ்வோளுக்காக. இந்த வீட்ல அவ்வோ குரல் ஒரு தடவ கேக்கட்டும். அதுக்குத்தான் வந்தேன்" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அலினாவும் அழுதாள். ஜெரோஷ், "சொல்லுங்கப்பா, பெரியப்பாவுக்காக" என்றான். இனி அதை வேண்டாம் என்றால் நான் செத்த மனுஷனுக்கு விரோதி. அத்தான் உயிரோடு இருந்தபோதாவது அது வெறும் கேலியாக இருந்தது. இப்போது அதையே ஜெபம் மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

"ரெண்டு கத போதும்" என்று நான் நார்மன் காதில் விழும்படி சொன்னேன். அவர் தலையாட்டினார்.

எழுந்து நின்றார். மாமியார் கதையை ஒப்பிப்பதுபோலத் தொடங்கினார். குறைப்பிரசவம் என்ற இடத்தில் லூர்து அக்கா அழுகையோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தெம்பு கொடுத்துவிட்டது. நட்சத்திரக் கதையில் குரல் ஏறியது. அண்ணனைப் போலவே வயிற்றைத் தள்ளி நின்றார், அண்ணனைப் போலவே வாளியை வீசினார். "அப்படியே அப்பா! அப்படியே அப்பா!" என்று அலினா கை தட்டினாள். ஜெரோஷ் ஒவ்வொரு வரியையும் அம்ருதாவின் காதில் ஹிந்தியில் போட்டுக்கொண்டிருந்தான். தன் வாழ்நாளில் ஒரு மேசையைச் சிரிக்கவைத்தறியாத மனுஷன் என் கணவர். அண்ணன் நிழலிலேயே வளர்ந்தவர். இத்தனை பேர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் புதுசு. முகமெல்லாம் சிவந்துவிட்டது. அவர் நிறுத்தப் போவதில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். என் தட்டைத்தான் எடுத்தார், அதுதான் பக்கத்தில் இருந்தது. "பிலோமி வாரா..."

தட்டு விழுந்தது. என் கணவர் தரையில் உட்கார்ந்து பொறுக்கினார். தரை கல்கல் தின்றது. மேசை அதிர்ந்தது. எப்போதும் அங்கே முடிந்துவிடும். இவர் எழவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே விரலைத் தூக்கி, "இருங்க, இருங்க. அண்ணனுக்கே தெரியாத ஒண்ணு இருக்கு. சொல்லட்டா?" என்றார்.

"சொல்லுங்க, சொல்லுங்க!"

"இவளுக்குக் காய்ச்சல்னு ரிக்ஷால வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். வழியெல்லாம் இவ ஒரு கைய இறுக்கி மூடியே வச்சிருக்கா. ரிக்ஷாக்காரன் திரும்பித் திரும்பிப் பாக்கான், என்னமோ நகையத் திருடிட்டு ஓடுதோம்னு நெனச்சிருப்பான். நானும் கேக்கேன், என்னட்டி கையில, என்னட்டி கையில? தொறக்க மாட்டேங்கா. ஆஸ்பத்திரி வாசல்ல நான் வெரல் வெரலாப் பிரிச்சுப் பாத்தா... ஒரே ஒரு கல்கல்! நசுங்கிப் போய் மாவாக் கிடக்கு! அவ்வளவு களேபரத்துலயும் ஒரு கல்கலக் களவாண்டுட்டு வந்துட்டா!"

இதுவரை சிரித்ததெல்லாம் சிரிப்பே இல்லை. ஜெரோஷ் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். லூர்து அக்கா, "ஏட்டி பிலோமி! இத்தன வருஷம் மறைச்சு வச்சிருந்தியே!" என்று என் தொடையில் தட்டினாள்.

அந்த ரிக்ஷாவைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. வலியில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, கையில் அது இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இவர் விரல் விரலாகப் பிரித்தது உண்மை. தன் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்தார். துடைத்துவிட்டு அந்தக் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு எனக்காக அழுதவர் அவர் ஒருத்தர்தான். அதற்குப் பிறகு அவர்மேல் எத்தனை வெறுப்பு வந்தபோதும் அந்த வாசலை நினைத்துத்தான் பொறுத்துப் போனேன். அவ்வளவு வருஷக் குடித்தனத்துக்கும் எனக்கு இருந்த ஒரே ஆதாரம் அது. அதைத்தான் எடுத்து மேசைமேல் போட்டு எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டார்.

"கதைய ஏன் அதோட நிறுத்திட்டீங்க?" என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தாச்சு. உள்ள போனதையும் சொல்லுங்க."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "அது... காய்ச்சலுக்கு ஊசி போட்டாங்க."

"காய்ச்சலா எனக்கு?"

"பிலோமி, விடு."

"நான் ஏன் தரையில உக்காந்து பொறுக்கிக்கிட்டே இருந்தேன்? ஏன் எந்திரிக்கல? ஏதாவது ஒரு கிறிஸ்துமஸுக்கு யாராவது அதக் கேட்டீங்களா? எனக்கு அன்னைக்கு மூணு மாசம். அந்தத் தரையிலதான் கலைஞ்சது. எந்திரிச்சா எல்லாரும் பாப்பீங்கன்னு உக்காந்திருந்தேன். இவருக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியும். இவ்வளவு வருஷமா நீங்க சிரிச்சது அதுக்குத்தான்."

கத்தவில்லை, அழவில்லை. இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடிந்ததை இத்தனை காலம் ஏன் தூக்கிச் சுமந்தேன் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சொன்னால் போதும், இந்த வீடு மாறிவிடும் என்று நான் நம்பியிருந்தேன்.

முதலில் வாயைத் திறந்தது லூர்து அக்காதான். "ஏட்டி, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? புள்ளத்தாச்சிய முன்னால வச்சுக்கிட்டு, நல்ல நாளும் அதுவுமா, பேசுத பேச்சா இது? அதுவும் அதே மூணாம் மாசம்!"

"க்யா ஹுவா?" என்றாள் அம்ருதா. எல்லோர் முகமும் மாறிப்போனதைப் பார்த்துப் பயந்திருந்தாள். ஜெரோஷ் இந்தத் தடவை மொழிபெயர்க்கவில்லை. ஒன்றுமில்லை என்பதாக, "குச் நஹி" என்றான்.

"எந்திரி மக்களே, எந்திரி" என்று அக்கா அவள் கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற போக்கில் ஷோகேஸிலிருந்து மாதா கோயில் தீர்த்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். நான் பின்னால் எழுந்தேன். "நீ வராத" என்று கதவைச் சாத்தினாள். என் வீட்டில், என் மருமகள் இருக்கிற அறைக் கதவு எனக்குச் சாத்தப்பட்டது.

ஜெரோஷ் அப்பாவைப் பார்த்து, "நெஜமாப்பா?" என்றான்.

"பழைய கதல. விடு."

ஒரு நிமிஷத்துக்கு முந்திவரை அதே பழைய கதைக்குத்தான் தரையில் உட்கார்ந்து கூத்தாடிக்கொண்டிருந்தார்.

ஜெரோஷ் என்னிடம் வந்தான். அவன் கண் கலங்கியிருந்ததை மறைக்க மாட்டேன். தனக்கு முன்னால் ஒருத்தர் இருந்திருக்கிறார் என்று அவனுக்கு இப்போதுதானே தெரியும். ஏதாவது கேட்பான் என்று காத்திருந்தேன். "எங்கிட்டத் தனியாச் சொல்லிருக்கலாம்லமா. அவ முன்னாடியா? அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றான். என்னால் ஏதோ ஆகிவிடும் என்பது போலத்தான் அவன் நின்றான்.

அலினா போனைக் கையில் எடுத்திருந்தாள். அழுது மூக்கு சிவந்திருந்தது. "அப்பாக்குத் தெரியாதுல்ல சித்தி?"

"தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

"அப்ப நீங்க பேசினத மட்டும் கட் பண்ணிடவா? அப்பாவுக்காக எடுத்தது. ரிக்ஷா வரைக்கும் வச்சுக்கறேன். அது ரொம்ப நல்லா இருந்துச்சு."

கெஞ்சலாகத்தான் கேட்டாள். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை. நான் தலையாட்டினேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. அவள் விரல் திரையில் நகர்ந்ததைப் பார்த்தேன். நான் வாயைத் திறந்த இடம் எது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போது உள் அறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். லூர்து அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி. பின்னால் அம்ருதா, ஒன்றும் புரியாத முகத்தோடு.

"தம்பி, இந்தக் கூத்தக் கேளுங்க! நெத்தியில சிலுவ போடுததுக்குத் தீர்த்தத்தத் தொறந்தனா? இந்தப் புள்ள கையக் குழிச்சு நீட்டுது. சரி, தொட்டுக்கிடப் போறான்னு ஊத்துனேன். மடக்குனு குடிச்சிட்டு மிச்சத்தத் தலையில தடவிக்கிட்டா! பெருமாள் கோயில்ல குடுப்பாங்கல்லா, அந்த மாதிரி! இன்னும் கொஞ்சம் குடுங்கன்னு கேக்கா!"

எல்லோரும் எதற்காவது சிரித்தால் போதும் என்றிருந்தார்கள். சிரித்தார்கள். "அது கோயில்ல வச்ச பழைய தண்ணிட்டி!" என்று ஜெரோஷ் அம்ருதாவை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டான்.

"மருமவளுக்குக் கத கெடச்சாச்சு!" என்றாள் அக்கா. "தம்பி, நீங்கதான இப்ப மூத்தவிய. இத மொதமொத நீங்கதான் சொல்லணும்."

நார்மன் என் பக்கம் திரும்பவில்லை. தோளிலிருந்து நழுவியிருந்த துண்டை எடுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டார். அலினா போனைத் திரும்பவும் ஜக்கில் சாய்த்துவைத்தாள்.

"எங்க வீட்டு மருமவ அம்ருதா," என்று ஆரம்பித்தார். "மொத கிறிஸ்துமஸ். மூக்குமுட்டப் பிரியாணி தின்னுட்டு நம்ம மதினிகூட ஜெபம் பண்ண உள்ள போறா..." டம்ளரில் தண்ணீர் எடுத்து, உள்ளங்கையைக் குழித்து, மடக்கென்று குடித்துக் காட்டினார். நன்றாகவே வந்தது. கொஞ்ச நேரத்துக்குள் அவருக்கு அந்தத் தொழில் பழகிவிட்டது. ஏன் ஜெபம், எதற்காகத் தீர்த்தம், யார் என்ன சொன்னதற்காக அந்தப் பெண்ணை அவசரமாக உள்ளே கூட்டிப்போனார்கள் என்பதெல்லாம் கதையில் இல்லை. அவர் அதை வேண்டுமென்றே விடவில்லை. சிரிப்புக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

நான் பாயசம் எடுத்துவர எழுந்தேன். சமையலறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். ஜெரோஷ் அம்ருதாவின் காதில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் முகம் சிவந்துபோய், தான் செய்த தப்பு என்ன என்று தெரியாமல், எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர்கூட நின்றது. யாருக்கும் தன்மேல் கோபமில்லை, எல்லோரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளும் சிரித்தாள்.

முதல் வருஷம் நானும் சிரித்தேன்.